தனுஷ்கோடி: ரயிலா, இடிபாடா, சத்திரமா?

1964 டிசம்பர் 22 இரவுப் புயல்வரை தனுஷ்கோடி ரயிலும் கப்பலும் கைகோத்த ஊர். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கித்தான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். ரயில் நிலையமும் தேவாலயமும் இடிந்து நிற்கும் அந்தப் பழைய ஊரை இனி என்ன செய்வது என்பதற்கு மூன்று யோசனை உண்டு.

முதலாவது, மறுபடி ரயில், அதையொட்டி விடுதியும் கடைத்தெருவும். பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. புயலில் பெண்கடல் (வடக்கே உள்ள அமைதியான கடல்) மணல்திட்டைத் தாண்டி ஆண்கடலுக்குப் (தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவுக்கு) பாயும். ரயில் பாதைக்காக உயர்த்திய கரை குறுக்கே நின்றால் தண்ணீர் தேங்கி, வலுவில்லாத இடத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். கரையில் இடையிடையே தண்ணீர் போகக் கண்வாய் விட்டால் செலவு ஏறும்.

அதைவிடப் பெரிய தடை குடிதண்ணீர். மணலைச் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அது உப்புநீர் மேல் மிதக்கும் மழைநீர். அதன் மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 அடிவரை ஏறக்கூடும். மீனவக் குடும்பங்கள் சிறு ஊற்றில் மொண்டு எடுப்பதால் தாங்குகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் ஊற்றே உவர்த்துவிடும். விடுதியின் கழிவுத்தொட்டியும் அதே மணலில்தான் கசியும்.

இரண்டாவது, இடிபாடுகளைக் காப்பது. தேவாலயச் சுவர் பவளக்கல், இணைப்பு சுண்ணாம்புக் காரை. இங்கே சிமெண்ட் பூசுவதுதான் வழக்கமான தவறு. சிமெண்ட் ஈரத்தை வெளியேவிடாது; உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி வீங்கும், பூச்சு உதிரும்போது கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, நல்ல தண்ணீரில் அலசிய ஆற்றுமணல் 3 பங்கு போதும். கடற்கரை மணல் சேரவே கூடாது. பவளத்தை வெட்டி எடுக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே விழுந்து கிடக்கும் கற்கள்தான் நம் கையிருப்பு.

மூன்றாவது, வண்டி நிறுத்தம், கழிப்பறை, உணவகம் எல்லாவற்றையும் தனுஷ்கோடிக்கு முன்பே வரும் முகுந்தராயர் சத்திரம் என்ற ஊரில் வைத்து, அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனைவரையுள்ள 9.5 கி.மீ.க்குப் பேருந்து விடுவது. எங்கள் தேர்வு இதுவே, இரண்டாவதின் கல்வேலையோடு சேர்த்து. ஒரு நிபந்தனை உண்டு: பேருந்து பழைய ஊரில் நின்றே போகவேண்டும். இல்லையென்றால் அங்கே சங்கும் சிப்பி மாலையும் வறுத்த மீனும் விற்பவர்களின் பிழைப்பு போய்விடும்.

வேலையைக் கற்களுக்கு எண்ணிடுவதிலிருந்து தொடங்கலாம். வாடைக்காற்று மணலை வாரி மூடுவதற்குள், ஒவ்வொரு கல்லும் எந்தச் சுவரடியில் கிடக்கிறது என்று படத்தோடு குறித்துவிட வேண்டும்.