திருமண "பேக்கேஜ்" ஏற்பாட்டாளருக்கு முன்பணம் கொடுக்குமுன்: எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது

சென்னையில் குறைந்த செலவில் கல்யாணம் நடத்த வழி தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கையின் திருமணம் கடந்த வைகாசியில் தென்சென்னையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம், மேளம், புகைப்படம் எல்லாவற்றையும் 4,80,000 ரூபாய்க்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாட்டாளர், பணத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சமையல்காரருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதால், முகூர்த்தத்தன்று விடியற்காலையில் என் தந்தை ஒரே செலவுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க நேர்ந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பணம் பார்த்த முறையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அவர் எங்களிடம் எதையும் விற்க வரவில்லை. கல்யாணச் செலவுக்கான அட்டவணை, எந்த மண்டபத்துக்கு என்ன வாடகை என்ற பட்டியல், சமையல் காண்ட்ராக்டர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை இலவசமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் நம்பிக் கல்யாணம் வைக்கும் வீட்டில் அப்படியொரு பட்டியல் பெரிய உதவியாகத் தெரியும். என் தந்தைக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இருந்த வாடகை, மண்டபத்தார் உண்மையில் வாங்கும் வாடகையைவிடக் கூடுதல் என்பதும், அதிலிருந்த எண்கள் எல்லாம் அவருக்குக் கமிஷன் தருபவர்களுடையவை என்பதும் கல்யாணம் முடிந்த பிறகே வெளிவந்தன. எங்களிடம் மண்டபத்துக்கு வரி உட்பட 1,40,000 ரூபாய் என்று வாங்கினார். மண்டப அலுவலக ரசீதில் இருந்த தொகை 95,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 1,12,100 ரூபாய்தான். ரசீது அவர் பெயரில் போடப்பட்டிருந்ததால் அதை நாங்கள் முன்னதாகப் பார்க்கவே வழியில்லை.

முதல் நாள் மாலை வரவேற்பு குறையில்லாமல் நடந்தது. மறுநாள் அதிகாலையில் காபிக்குச் சொல்லலாம் என்று மண்டபத்தின் பின்புறம் இருந்த சமையல்கட்டுக்குப் போன என் சித்தப்பா, அடுப்பு பற்றவைக்காமலே இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கழுவிய அண்டாக்கள் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நறுக்கிய காய்கறி தாம்பாளங்களில் அப்படியே இருந்தது. மாஸ்டர் எழுந்து நின்று என் தந்தையிடம், "ஐயா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அட்வான்ஸுன்னு இருபதாயிரம்தான் கைக்கு வந்துச்சு. மளிகைக் கடைக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். ஏற்பாட்டாளரின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமாவிடம் இருந்த 60,000 ரூபாயை வாங்கிக் கொடுத்த பிறகே அடுப்பு எரிந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் முகம் கழுவிவிட்டுக் காபிக்காக நெடுநேரம் காத்திருந்ததை நினைத்து என் அம்மா இன்றும் வருந்துகிறார். இலை ஒன்றுக்குத் தான் பேசிய விலை 260 ரூபாய் என்றும் அந்த மாஸ்டர்தான் சொன்னார். எங்களிடம் வாங்கியது 340.

பந்தி முடிந்ததும் ஏற்பாட்டாளர் அனுப்பிய ஓர் இளைஞர் "எக்ஸ்ட்ரா" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, கேஸ் சிலிண்டர், மின்சாரம், பேசியதற்கு மேல் 80 இலை என்று எழுதியிருந்தது. இலைக் கணக்கில் மட்டும் அவரால் எங்களை ஏமாற்ற முடியவில்லை. சித்தப்பா பந்திக்குப் பந்தி இலையை எண்ணி ஒரு சிறு நோட்டில் எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். பேசிய 300 இலையைக்கூட நாங்கள் எட்டவில்லை. மின்சாரத்தில் அப்படி மறுக்க முடியவில்லை. மண்டபங்களில் சாவி கொடுக்கும்போது மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலி செய்யும்போது மீண்டும் பார்த்து, ஓடிய யூனிட்டுக்குப் பணம் வாங்குவது வழக்கம். சாவி வாங்கியவர் ஏற்பாட்டாளர் என்பதால் தொடக்க எண் எங்களிடம் இல்லை. அவர் கேட்ட 18,000 ரூபாயைக் கொடுத்தோம். அலுவலகச் சீட்டில் அதில் பாதிகூட இல்லை என்று பின்னால் தெரிந்தது. எங்கள் பணத்திலிருந்து கட்டப்பட்ட காப்புத்தொகையும், ரசீது யார் பெயரில் இருந்ததோ அவரிடமே திரும்பிப் போய்விட்டது.

ஆகவே மண்டப ரசீது பெண் வீட்டார் பெயரிலோ பிள்ளை வீட்டார் பெயரிலோதான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். எவ்வளவு நம்பிக்கையானவர் இடையில் நின்றாலும் மண்டபத்துக்கான பணத்தை மண்டப அலுவலகத்திலும், சமையலுக்கான பணத்தைச் சமைப்பவர் கையிலும் நேரடியாகக் கொடுங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மேடை அலங்காரத்துக்கு, "ரிச்சா பண்ணித் தர்றோம்" என்ற பேச்சை ஏற்காமல், எந்தப் பூ, எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். முகூர்த்த நாட்களில் கோயம்பேட்டில் பூ விலை ஏறிவிடும் என்பதால், எழுதாத பூ மேடைக்கு வந்து சேராது.

செலவைக் குறைக்க உதவும் இடங்கள் இந்த ஊரிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு இடைத்தரகர் தேவையில்லை. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களைப் பற்றி மண்டல அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். வடபழனி முருகன் கோயில் போன்ற அறநிலையத் துறைக் கோயில்களில் வயதுச் சான்றும் மற்ற ஆவணங்களும் கொடுத்து, கோயில் அலுவலகத்தில் ரசீது பெற்றுத் தாலி கட்டலாம். பத்திரிகை அடிக்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒருமுறை போய் வந்தால், எங்கள் பேக்கேஜில் பத்திரிகைக்கு வைத்திருந்த விலை எவ்வளவு அநியாயம் என்று உங்களுக்கே விளங்கும். திருமணப் பதிவுக்கென்றும் எங்களிடம் தனியாக ஒரு தொகை கேட்டார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நாமே செய்துகொள்ளலாம், அரசுக் கட்டணமும் மிகக் குறைவு.

ஏமாந்தவர்கள் பலர் "நல்ல காரியம் முடிந்துவிட்டது, போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஏமாற்றுபவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதை நேரில் பார்த்ததால் சொல்கிறேன், விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாங்கள் ஏற்பாட்டாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் ஜிபே பரிமாற்ற விவரங்களையும் அச்செடுத்து, மண்டப ரசீதின் நகலையும் சித்தப்பாவின் நோட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். தன் கைக்கு வந்தது இருபதாயிரம் மட்டுமே என்று சமையல் மாஸ்டரும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்.