லூக்லாவுக்கு எங்கிருந்து பறப்பது: காத்மாண்டுவா, மந்தாலியா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இறங்குவது நேபாளத்தின் சிறு மலையூரான லூக்லாவில். நேர்கோட்டில் அளந்தால் காத்மாண்டுவிலிருந்து அது சுமார் 135 கி.மீ.; ராமேச்சாப் மாவட்டத்து மந்தாலியிலிருந்து சுமார் 74 கி.மீ. பறக்கும் நேரம் காத்மாண்டுவிலிருந்து 30 முதல் 35 நிமிடம், மந்தாலியிலிருந்து 15 முதல் 20 நிமிடம்.

இதை மட்டும் பார்த்து மந்தாலியே மேல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காத்மாண்டுவிலிருந்து மந்தாலிக்குச் சுமார் 130 கி.மீ. மலைச்சாலை, வழி சீராக இருந்தாலே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலை 6 மணி விமானம் என்றால் நள்ளிரவு தாண்டியதுமே ஜீப் ஏற வேண்டும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அந்த வழியிலுள்ள பி.பி. நெடுஞ்சாலை பல இடங்களில் அரித்துப் போனதால், கிளம்பும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் மந்தாலிக்குப் போவதற்குக் காரணம் லூக்லாவின் ஓடுதளம். நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறத்தாழ 60 மீட்டர் உயர வித்தியாசம். மேல்முனையில் மலைச்சுவர், கீழ்முனையில் பள்ளத்தாக்கு. அதனால் விமானம் எப்போதும் மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கித்தான் கிளம்பும். தரையை நெருங்கிவிட்டால் மறுபடி மேலெழும்பிச் சுற்றிவர வழியில்லை. கருவி வழிகாட்டலும் கிடையாது. விமானி கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து தென்மேற்குக் காற்று மேலே வீசும். இறங்கும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். கூடவே மேகமும் சூழும். ஆகவே நம்பகமான நேரம் விடியற்காலை முதல் முற்பகல் வரைதான்.

அந்தச் சில மணி நேரத்துக்குள் எத்தனை நடை அடிக்க முடியும் என்பதே கணக்கு. மந்தாலியிலிருந்து ஒரு ட்வின் ஓட்டர் (இந்தப் பாதையில் பறக்கும் சிறு விமானம்) போய், ஆளை இறக்கி ஏற்றித் திரும்ப ஒரு மணி நேரம் போதும். காத்மாண்டுவிலிருந்து என்றால் போகவரப் பறப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். போதாததற்கு அங்கே ஓடுதள நெரிசலில் காத்திருப்பும் உண்டு. எனவே மார்ச் முதல் மே வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலான லூக்லா விமானங்களை மந்தாலிக்கு மாற்றிவிடுகிறார்கள். டிக்கெட்டில் புறப்படும் ஊர் ராமேச்சாப் என்று இருந்தால் அது மந்தாலிதான்.

எங்கள் தேர்வு இதுதான்: சீசனில் மந்தாலி, ஆனால் முந்தைய நாள் பகலிலேயே போய் அங்கே தங்கி, முதல் நடையிலேயே இடம் பிடிக்க வேண்டும். 474 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஊர் வெக்கையாக இருக்கும். மலைக்குளிருக்கு எடுத்த உடைகளை அங்கே போட்டால் வியர்த்துக் கொட்டும். சீசன் இல்லாத மாதங்களில் காத்மாண்டு விமானம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

ஹெலிகாப்டர் காத்மாண்டுவிலிருந்தே போகும், கட்டணம் பல மடங்கு. லூக்லாவுக்குத் தெற்கே உள்ள சல்லேரி ஊர் வரை ஜீப்பில் போய் நடப்பவர்களுக்கு விமானம் ரத்தாகுமோ என்ற கவலை இல்லை, நாட்கள் கூடும்.

எந்த ஊரிலிருந்து பறந்தாலும் கைப்பை உட்பட 15 கிலோவுக்குள் கட்டுங்கள். லூக்லா மூடினால் இரண்டு பாதையும் நின்றுவிடும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பாக வையுங்கள். மந்தாலியில் வந்து இறங்குகிறவர்கள் சாலைப் பயணத்துக்கு இன்னும் அரை நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.