டிராகன்பாக்ஸ்: கைக்குப் பழகும் சமன்பாடு, நோட்டில் நிற்குமா?

இயற்கணிதச் செயலிகளில் பெரும்பாலானவை கணக்கைக் கொடுத்து, விடை சரியாக இருந்தால் மணியடிப்பவை. பயிற்சித்தாளும் அதைத்தான் செய்கிறது. டிராகன்பாக்ஸில் ஆட்டத்தின் விதிகளே இயற்கணிதத்தின் விதிகள். நார்வேயில் கணித ஆசிரியராக இருந்த ழான்-பாப்டிஸ்ட் ஹுயின் உருவாக்கிய இந்த விளையாட்டு 2012-ல் வெளிவந்தது. 2019-ல் கஹூட் நிறுவனம் வாங்கிவிட்டதால், இப்போது ‘கஹூட் அல்ஜீப்ரா’ என்று தேடினால்தான் கிடைக்கும்.

திரை இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியில் மினுங்கும் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் தனியே நிற்கவைக்க வேண்டும். ஓர் அட்டையின் மேல் அதன் கறுப்பு ஜோடியை, அதாவது எதிர்க்குறி கொண்டதை, வைத்தால் இரண்டும் பச்சைச் சுழலாகிவிடும், தொட்டால் மறையும். அதுதான் பூஜ்ஜியம். கீழிருந்து ஓர் அட்டையை எடுத்து ஒரு பக்கம் போட்டால், மறுபக்கமும் அதையே போடும்வரை ஆட்டம் நகராது. போகப்போகப் படங்கள் எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறும், பெட்டி எக்ஸ் ஆகும். ஆரம்ப நிலைகளில் படிக்க வேண்டியது அநேகமாக எதுவுமில்லை என்பதால் ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் தடையில்லாமல் ஆடலாம்.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது ஏன் மாறுகிறது என்று தெரிவதில்லை. இங்கே ஆரம்ப நிலைகளில் எதுவும் பக்கம் தாவாது. இருபுறமும் ஒன்றையே சேர்த்து, ஒருபுறம் அடித்துத் தள்ளுகிறோம். வகுத்தல் இதைவிட நன்றாக அமைந்திருக்கிறது. 2 எக்ஸ் + 6 = 10 என்பதை 2-ஆல் வகுக்கச் சொன்னால், எக்ஸ் + 6 = 5 என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. ஆறை வகுக்க மறந்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் 2 என்ற அட்டையை ஒவ்வோர் உறுப்புக்கும் கீழே வைத்தாக வேண்டும், ஒன்றை விட்டாலும் மேலே போக முடியாது. முதலில் 6-ஐ நீக்கிவிட்டு வகுத்தால் நகர்த்தல் குறையும். நகர்த்தல் எண்ணிக்கைக்குத் தனி நட்சத்திரம் இருப்பதால் எதை முதலில் செய்வது என்ற யோசனை தானாக வருகிறது.

பலவீனமும் இதே இடத்தில்தான். தவறான நகர்த்தலை ஆட்டமே தடுத்துவிடுகிறது. நோட்டில் தடுக்க யாருமில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிராகன்பாக்ஸை ஒரு கணினிப் பயிற்சி மென்பொருளோடு வகுப்பறையில் ஒப்பிட்டார்கள். மாணவர்களுக்குப் பிடித்தது டிராகன்பாக்ஸ், சமன்பாட்டுத் தேர்வில் அதிகம் கற்றிருந்தது மற்றதில் படித்தவர்கள். வாசகக் கணக்குக்கும் இது கைகொடுக்காது. ‘அப்பாவின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு’ என்பதைச் சமன்பாடாக எழுதுவது தனிப் பாடம், அதை ஆசிரியர்தான் நடத்த வேண்டும்.

ஆகவே செயலியை நோட்டோடு சேர்த்தே கொடுங்கள். எக்ஸ் வந்துவிட்ட நிலைகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வரி எழுதட்டும். இருபுறமும் என்ன செய்தோம் என்பதை வலப்பக்க ஓரத்தில் குறிக்கட்டும். பிறகு அதே கணக்கை எண்ணை மாற்றித் திரையில்லாமல் போடட்டும். கடைசியில் கிடைத்த மதிப்பைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிரதியிட்டுப் பார்க்கும் பழக்கம் அட்டைகளை நகர்த்துவதால் வந்துவிடாது.

நேர்கோட்டு வரைபடத்துக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு டெஸ்மாஸ் என்ற இலவச வரைபடச் செயலி போதும். ஒய் = 2 எக்ஸ் + 6, ஒய் = 10 என்று இரண்டு வரி தட்டினால், கோடுகள் வெட்டும் இடத்தில் எக்ஸ் = 2 என்பது கண்ணுக்குத் தெரியும்.

டிராகன்பாக்ஸில் இரண்டு பதிப்புகள் உண்டு. எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 5+ (இப்போது ‘கஹூட் அல்ஜீப்ரா’) சரி. அடைப்புக்குறி, பின்னக் கூட்டல், ஒத்த உறுப்புகளைச் சேர்த்தல் எல்லாம் 12+ பதிப்பில்தான் (இப்போது ‘கஹூட் அல்ஜீப்ரா 2’). ஏழு, எட்டாம் வகுப்புக்கு நேரே அதையே எடுக்கலாம். இப்போது சந்தா முறை என்பதால், இலவசச் சோதனைக் காலம் முடியுமுன் ரத்து செய்யாவிட்டால் பணம் பிடித்துவிடும். பள்ளி விடுமுறையில் ஒரு மாதச் சந்தா எடுத்து முடித்துவிடுவதே சிக்கனம்.