சொலினாய்டா, பீசோவா? காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒப்பீடு

டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயில் (ரெயில்) தேக்கி, இன்ஜெக்டர் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பீய்ச்சுவதுதான் காமன் ரெயில். அந்த இன்ஜெக்டரில் சொலினாய்டு, பீசோ என இரண்டு வகை. இரண்டுக்கும் உத்தரவு எஞ்சினின் கணினியான இசியுவிலிருந்துதான் வருகிறது. அதைக் கேட்கும் விதம்தான் வேறு. சொலினாய்டில் காயில் காந்தமாகி வால்வைத் தூக்குகிறது. பீசோவில் மெல்லிய செராமிக் தகடுகளின் அடுக்கு, நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறியதும் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவே நீள்கிறது. வால்வைத் திறக்க அது போதும். வேகம் அதிகம் என்பதால் பிரதான பீய்ச்சலுக்கு முன்னும் பின்னும் சின்னச் சின்னத் துளிகளைத் துல்லியமாக விடலாம். டீசலின் அந்த 'டக டக' சத்தம் அடங்கும்.

ஆனால் பட்டறையில் கதை மாறும். சொலினாய்டு காயிலை மீட்டரில் வைத்தால் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். பீசோவோ மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் போன்றது, கிலோ ஓம் கணக்கில் காட்டும். அதைப் பார்த்து 'ஓப்பன்', அதாவது உள்ளே கம்பி அறுந்தது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது பீசோ கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. அடுக்கில் மின்னூட்டம் தங்கி, நாசில் (பீய்ச்சும் முனை) திறந்தபடியே நின்று சிலிண்டரில் டீசல் கொட்டும், பிஸ்டன் போய்விடும். எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க, இசியுவுடன் பேசும் ஸ்கேனர் போதும்.

சொலினாய்டில் வால்வு சீட் தேய்ந்தால் டேங்குக்குத் திரும்பும் டீசல் (ரிட்டர்ன்) கூடி, ரெயில் பிரஷர் ஏறாமல் ஸ்டார்ட்டிங் இழுக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னுக்கும் ஒரு பாட்டில் வைத்து அளந்தால் குற்றவாளி தெரியும். வால்வு செட்டும் நாசிலும் மாற்றலாம். பீசோவுக்குப் பெரும்பாலும் முழு இன்ஜெக்டர்தான்.

தண்ணீர் கலந்த டீசல் ஓடும் டாக்ஸிக்கு என் ஓட்டு சொலினாய்டுக்கே. எதை மாட்டினாலும் இன்ஜெக்டர் தலையில் பொறித்த குறியீட்டு எண்ணை இசியுவில் ஏற்ற மறந்தால் ஐடிலில் குலுங்கும்.