ஹாம்ப்டன் பார்க் அருங்காட்சியகம்: டிஃபெண்டர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

கிளாஸ்கோ நகரின் தெற்குப் பகுதியில், ஹாம்ப்டன் பார்க் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டுக்குள்ளேயே இருக்கிறது ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம். இங்கே வந்தது 2001-இல். காட்சிக்கூடத்தைப் பார்ப்பது ஒன்று, வழிகாட்டியோடு மைதானத்தைச் சுற்றி வருவது இன்னொன்று. டிஃபெண்டர்களின், அதாவது எதிரணி கோல் அடிக்காமல் தடுக்கும் பின்கள வீரர்களின், ஆட்டத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரைப் பற்றிச் சொல்ல ஒரு படம், ஒரு பந்து, ஒரு ஜெர்ஸி போதும். டிஃபெண்டர் செய்த வேலை விழாமல் போன கோல்களில் இருக்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வழியில்லை. பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு அது நடந்த புல்வெளியையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும். அந்த வசதி இங்கே ஒரே கட்டடத்தில் கிடைக்கிறது.

முதலில் 1872 பகுதிக்குப் போங்கள். அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, பார்டிக் பகுதியின் ஹாமில்டன் கிரசென்ட் கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியதுதான் உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். அதன் நுழைவுச் சீட்டு இங்கே இருக்கிறது. சின்னத் துண்டுக் காகிதம், நின்று பார்க்காவிட்டால் கண்ணில் படாமலே போய்விடும். அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து நிறுத்திய டிஃபெண்டர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு முன்னால் இருவர், மிச்சம் ஆறு பேரும் முன்களத்தில். இங்கிலாந்து இன்னும் அதிகமாக ஆட்களை முன்னால் தள்ளியிருந்தது. இருந்தும் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. டிஃபெண்டர்களின் கதை கோல் விழாத ஓர் ஆட்டத்தில் தொடங்குவது பொருத்தம்தான்.

அங்கிருந்து ஆண்ட்ரூ வாட்சனுக்குப் போகலாம். 1856-இல் பிரிட்டிஷ் கயானாவின் டெமெராராவில் பிறந்தவர், குவீன்ஸ் பார்க் அணியின் ஃபுல் பேக், அதாவது பின்களத்தின் ஓரத்தில் நிற்பவர். 1881 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 6-1 என்று வென்ற ஸ்காட்லாந்து அணிக்குக் கேப்டன் இவர்தான். உலகின் முதல் கறுப்பினச் சர்வதேச வீரரும் இவரே. ஆடியது மூன்று சர்வதேச ஆட்டங்கள், எதிரணிகள் அடித்த கோல் மூன்று, ஸ்காட்லாந்து அடித்தது பதினாறு. ஒரு டிஃபெண்டரின் சர்வதேச வாழ்க்கைக்கு இதைவிடச் சுத்தமான கணக்கு கிடைப்பது அரிது.

அடுத்து, தொப்பி என்று பொருள்படும் கேப் என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். இங்கே வருகிற பலர் குழம்புவது இதில்தான். ஒருவருக்கு 29 கேப் என்று எழுதியிருந்தால் 29 தொப்பிகள் இருந்தன என்று அர்த்தமில்லை, 29 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார் என்றுதான் அர்த்தம். கையில் கிடைத்த தொப்பிகள் அதைவிடக் குறைவு. 1970-களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய அண்டை நாடுகளோடு ஆடிய ஆட்டங்களுக்கு மட்டுமே ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் தொப்பி கொடுத்தது. மற்ற நாடுகளோடு மட்டும் ஆடியவர்கள், உலகக் கோப்பையில் ஆடியிருந்தாலும், தொப்பி இல்லாமலே போனார்கள். பிற்பாடுதான் சங்கம் அந்தப் பழைய கணக்கைத் தீர்த்தது. கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்தால் வெல்வெட்டும் குஞ்சமும், முன்பக்கம் தைத்திருக்கும் ஆண்டும் தெரியும். அந்த ஆண்டைப் படித்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு குழப்பம், பெருமைப் பட்டியல்கள் இரண்டு இருப்பது. ஒன்று ஹால் ஆஃப் ஃபேம், 2004-இல் தொடங்கியது, தேர்வுக் குழு ஆண்டுதோறும் பெயர்களைச் சேர்க்கும். மற்றொன்று சர்வதேச மரியாதைப் பட்டியல். அதில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. 50 ஆட்டங்கள் ஆடியவருக்குப் பதக்கம் உண்டு, அருங்காட்சியகத்தில் ஓவியமும் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் செல்டிக் கேப்டன் பில்லி மெக்நீல் ஓவியத்தை 50 ஆட்டக்காரர்கள் வரிசையில் தேடி ஏமாறுவீர்கள். அவர் ஆடியது 29 மட்டுமே. ரேஞ்சர்ஸ் அணிக்கு 755 ஆட்டங்கள் ஆடிய ஜான் கிரெய்க் 44-இல் நின்றுவிட்டார். இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மரியாதைப் பட்டியலின் எல்லையை முதலில் எட்டியவரும் ஒரு டிஃபெண்டர்தான்: ஜார்ஜ் யங், 53 ஆட்டங்கள், அவற்றில் 48-இல் கேப்டன். அலெக்ஸ் மெக்லீஷ் 77, டாம் பாய்ட் 72, டேவிட் வியர் 69, வில்லி மில்லர் 65, டேனி மெக்ரெய்ன் 62 என்று ஓவியச் சுவரில் பின்கள வீரர்கள் நிறையவே இருக்கிறார்கள். நடுப்பின்களத்தில் நன்றாக ஆடும் ஒருவரை எந்தப் பயிற்சியாளரும் சீக்கிரம் மாற்றுவதில்லை, இந்த எண்கள் உயர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறை என்று சொன்னால் விளக்கப் பலகைகளைச் சொல்வேன். ஆட்டங்களின் எண்ணிக்கை, கோப்பைகள், ஆண்டுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் டிஃபெண்டரின் வேலை என்னவாக இருந்தது என்பதைப் போகிற போக்கில் பார்ப்பவர் பிடித்துக்கொள்ள முடியாது. கையோடு கொண்டுபோக வேண்டிய ஆண்டுகள் இரண்டு. 1925 வரை, பந்தைப் பெறும் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருந்தால்தான் ஆஃப்சைடு (நிற்கக் கூடாத இடத்தில் நின்று பந்தைப் பெறும் தவறு) இல்லை. ஆகவே இரண்டு ஃபுல் பேக்குகளில் ஒருவர் முன்னேறி நின்றாலே எதிரணி முழுவதையும் பொறியில் சிக்கவைக்க முடிந்தது. அந்த ஆண்டு, ஸ்காட்லாந்து சங்கமே முன்மொழிந்த மாற்றத்தால் மூவர் இருவரானார்கள். கோல்கள் கொட்டத் தொடங்கின. அதுவரை நடுக்களத்தில் திரிந்த சென்டர் ஹாஃப் பின்னால் இறங்கி மூன்றாவது டிஃபெண்டர் ஆனார். நடுப்பின்களத்தில் ஆடுபவரை இன்றும் அங்கே சென்டர் ஹாஃப் என்றே அழைப்பது அதனால்தான். அடுத்தது 1992: சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டிய பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி. அதற்கு முன் ஆடிய ஒரு டிஃபெண்டர் நெருக்கடியில் பந்தைத் திருப்பித் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். பின்னால் வந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு ஜெர்ஸியும் வேறு மாதிரி தெரியும்.

செல்டிக்கின் ஃபுல் பேக் டேனி மெக்ரெய்ன் முன் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். 1972-இல் மண்டையோட்டில் முறிவு. அதிலிருந்து எழுந்து 1974 உலகக் கோப்பையில் இடதுபுறம் ஆடினார். வலதுபுறம் சாண்டி ஜார்டின். ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு), பிரேசில், யுகோஸ்லாவியா மூன்றையும் எதிர்த்து ஸ்காட்லாந்து விட்ட கோல் ஒன்றே ஒன்று. ஒரு தோல்விகூட இல்லாமல் கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. போட்டி முடிந்த பின் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. 1977-இல் கணுக்காலில் காயம், அதனால் அடுத்த உலகக் கோப்பை போனது. இத்தனைக்கும் பிறகு ஆட்டத்தை விட்டது 1980-களின் கடைசியில். சாண்டி ஜார்டினும் அப்படித்தான்: ஸ்காட்லாந்து கால்பந்து எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 1975-இல் ரேஞ்சர்ஸ் வீரராகவும், 1986-இல் தன் 37-ஆம் வயதில் ஹார்ட்ஸ் வீரராகவும் வாங்கினார்.

வில்லி உட்பர்ன் கதை இதற்கு நேர் எதிர். ரேஞ்சர்ஸின் இரும்புத் திரை என்று பெயர் வாங்கிய பின்களத்தில் யங்கோடு நின்றவர். பலமுறை ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதால் 1954-இல் ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் காலவரையின்றித் தடை விதித்தது. 1957-இல் தடை நீங்கியபோது அவருக்கு வயது 37, ஆட்டம் முடிந்துவிட்டது. இன்று அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். தடை விதித்த அதே சங்கத்தின் அலுவலகமும் இந்த மைதானத்தில்தான்.

கோப்பை வைத்திருக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 1870-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் செய்த அசல் ஸ்காட்டிஷ் கோப்பை, உலகின் மிகப் பழைய தேசியக் கால்பந்துக் கோப்பை. படங்களில் பெரிதாகத் தெரிவது நேரில் சிறியது, மூடியின் மேல் ஒரு வீரர் உருவம். இதைப் பார்த்த கையோடு மைதானச் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். உடை மாற்றும் அறை, வீரர்கள் வெளிவரும் சுரங்கவழி, புல்வெளியின் ஓரம், கோப்பை வாங்க ஏறும் படிகள் என்று வரிசையாகக் காட்டுவார்கள். உதையின் வேகத்தை அளக்கும் கருவியும் உண்டு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. புல்லின் மேல் கால் வைக்க விடமாட்டார்கள், அது சரியே.

புல்வெளி ஓரத்தில் நிற்கும்போதுதான் மேலே பார்த்த பெயர்கள் உயிர்பெறும். பில்லி மெக்நீல் 1961-இல் தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் வெம்பிளியில் 9-3 என்று அடிவாங்கிய அணியில் இருந்தவர். நான்கே ஆண்டில், 1965 ஏப்ரலில், இதே மைதானத்தில் டன்ஃபர்ம்லினுக்கு எதிரான கோப்பை இறுதியாட்டத்தில் கடைசிப் பத்து நிமிடங்களில் தலையால் முட்டி செல்டிக்கை 3-2 என்று வெல்லவைத்தார். 1967-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். 1975 மே மாதம், மறுபடி இங்கேயே, ஏர்ட்ரியை வென்ற கோப்பை இறுதியாட்டத்தோடு ஓய்வு. அதே 1965 நவம்பரில் ஜான் கிரெய்க் கடைசி நிமிடங்களில் முன்னேறிப் போய் இத்தாலியை 1-0 என்று சாய்த்ததும் இங்கேதான். ஸ்ட்ரைக்கராகத் தொடங்கி அபர்டீனின் சென்டர் ஹாஃப் ஆனவர் வில்லி மில்லர். 1983-இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையைத் தூக்கியவர். அவருக்கு 1989 நவம்பரில் நார்வேக்கு எதிராக இங்கே ஆடியது 65-ஆவது சர்வதேச ஆட்டம், அதுவே கடைசி. அன்று பட்ட காயத்திலிருந்து அவர் பழையபடி மீளவில்லை. ஸ்காட்லாந்து அன்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பின்னாளில் ஸ்காட்லாந்து கேப்டனான இடதுபுற டிஃபெண்டர் ஆண்டி ராபர்ட்சன், குவீன்ஸ் பார்க்கில் ஆடிய நாட்களில் இந்த மைதானத்து அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தவர். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் சுற்றின் மதிப்பு இரட்டிப்பாகும்.

போகும் வழி சுலபம். கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி மவுன்ட் ஃப்ளோரிடா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. கிங்ஸ் பார்க் நிலையமும் அருகில்தான். ஆட்ட நாட்களிலும் கோடைகால இசை நிகழ்ச்சி நாட்களிலும் சுற்று நடக்காது. ஆகவே நாளை முடிவு செய்யும் முன் மைதானத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள், சுற்றின் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். சுற்றுக்கு முன் காட்சிக்கூடத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக ஓடினால் தொப்பிகளையும் ஓவியச் சுவரையும் தவறவிடுவீர்கள். டிஃபெண்டர்களைத் தேடி வந்தவருக்கு முக்கியமானவை அவை இரண்டும்தான்.

கிளாஸ்கோவின் இரு பெரும் போட்டி அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் மைதானங்களிலும் சுற்று உண்டு. மெக்நீல் ஐரோப்பியக் கோப்பையோடு நிற்கும் சிலை செல்டிக் பார்க் வாசலில். ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஜான் கிரெய்க் சிலை, அங்கே 1971-இல் நடந்த நெரிசல் விபத்தில் இறந்த 66 பேரின் நினைவிடமாக நிற்கிறது. ஆனால் அங்கே அந்தந்த அணியின் கதைதான் கிடைக்கும். இரு பக்கத்து டிஃபெண்டர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஹாம்ப்டனில்.

நேரம் மிஞ்சினால் வெளியே நடங்கள். இன்றைய ஹாம்ப்டன் மூன்றாவது, 1903-இல் திறந்தது. முதலாவது இருந்த இடத்தில் இப்போது புல்தரையில் பந்து உருட்டி ஆடும் ஒரு பௌல்ஸ் கிளப். 1882-இல் வாட்சன் ஆட, ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 என்று வென்றது அங்கேதான், அந்த ஆட்டத்தின் சுவரோவியமும் அங்கே இருக்கிறது. இரண்டாவது ஹாம்ப்டன் பின்னால் தேர்ட் லானார்க் அணியின் கேத்கின் பார்க் ஆனது. 1967-இல் அணி மூடப்பட்டது. இப்போது பொதுப் பூங்கா, டிக்கெட் கிடையாது. மரங்கள் முளைத்த பழைய படிக்கட்டுகளின் நடுவே இரும்புத் தடுப்புகள் இன்னும் நிற்கின்றன. மழை பெய்திருந்தால் அந்தப் படிகள் வழுக்கும், பிடிப்புள்ள காலணியோடு போங்கள்.