கரன்ட் லிமிட்: மென்பொருளா, அனலாகா? சில வருட அனுபவம்

என் மேசையில் இரண்டு பவர் சப்ளைகள் சில வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பழைய லீனியர், அதாவது மென்பொருள் இல்லாத அனலாக் வகை: டிரான்ஸ்ஃபார்மர், 2என்3055 டிரான்சிஸ்டர், முன்னால் குமிழ்கள். இன்னொன்று வண்ணத் திரை வைத்த புதியது; அதில் கரன்ட் லிமிட்டை, அதாவது வைத்த அளவுக்கு மேல் கரன்ட் போகாமல் தடுப்பதை, மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்பே மென்பொருளால் பார்த்துக்கொள்கிறது. புதிதாகச் செய்த போர்டுக்கு முதல்முறை சப்ளை கொடுக்க நான் இன்றும் பழையதைத்தான் எடுக்கிறேன்.

காரணம் வேகம். லீனியரில், ஷன்ட் ரெசிஸ்டரில் (கரன்டை அளக்க அதன் பாதையில் வைக்கும் சிறிய ரெசிஸ்டர்) விழும் வோல்டேஜை ஒரு ஆப்-ஆம்ப் (வோல்டேஜ்களை ஒப்பிடும் அனலாக் சிப்) இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அளவு தாண்டியதும் ஒரு டயோடு வழியாக டிரான்சிஸ்டரின் பேஸை (அதைக் கட்டுப்படுத்தும் முனை) கீழே இழுத்து, கரன்டைக் குறைத்துவிடும். சில பத்து மைக்ரோ நொடியில் வேலை முடிந்தது. மென்பொருள் வழியில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அளக்க வேண்டும், புரோகிராம் ஒப்பிட வேண்டும், வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். கரன்ட் அளக்கப் பலரும் போடும் ஐஎன்ஏ219 சிப், 12 பிட்டில் ஒருமுறை அளக்கவே 532 மைக்ரோ நொடி எடுக்கும்.

5 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் லிமிட் வைத்து, 1 ஓம் ரெசிஸ்டரைச் சட்டென்று இணைத்து ஸ்கோப்பில் (மின் மாற்றத்தை வரைந்து காட்டும் கருவி) பார்த்தேன். லீனியரில் ஊசி மாதிரி ஒரு எழுச்சி, உடனே 50 மில்லி ஆம்பியருக்கு வந்து நின்றுவிடுகிறது. புதியதில் 4 ஆம்பியருக்கு மேல் ஏறி, சில மில்லி நொடி அங்கேயே இருந்து, படிப்படியாக இறங்குகிறது. திரை மட்டும் சாதுவாக 0.050 என்று காட்டுகிறது! லேசர் டயோடு போக அந்த நேரம் தாராளம். என்னுடையது ஒன்று அப்படித்தான் போனது.

அனலாக் என்றாலும் அவுட்புட் கெபாசிட்டரைக் கவனிக்க வேண்டும். அது லிமிட்டருக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிறது. 470 மைக்ரோஃபாரட், 12 வோல்ட் என்றால் அதில் சுமார் 34 மில்லி ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும்; எந்த ஆப்-ஆம்பாலும் அதைத் தடுக்க முடியாது. அதனால் எல்இடியை முதலில் இணைத்துவிட்டு, பிறகுதான் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுவேன்.

சரி, புதியதை ஏன் வைத்திருக்கிறேன்? லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்யவும், மணிக்கணக்கில் கரன்டைப் பதிவு செய்யவும் அதுதான் வசதி. அங்கே மில்லி நொடி ஒரு பொருட்டே இல்லை.

இனி வாங்கினால், லிமிட் எவ்வளவு என்பதை மென்பொருள் சொல்ல, பிடித்து நிறுத்துவதை ஆப்-ஆம்ப் செய்யும் வகையைத்தான் வாங்குவேன். இது விளம்பரத் தாளில் இருக்காது. சர்வீஸ் மேனுவலில் சர்க்யூட் படம் கிடைத்தால் தெரியும். கிடைக்காவிட்டால் அந்த 1 ஓம் ரெசிஸ்டரும் ஸ்கோப்பும் போதும்.