முடி கொட்டுதா? ஃபுல் பேக்கேஜ், மூணே மூணு டெஸ்ட், நேரா ஸ்கின் டாக்டர்: எது முதல்ல?

என் தங்கச்சிக்கு குழந்தை பொறந்து நாலாவது மாசம் முடி கொட்ட ஆரம்பிச்சுது. தலை சீவுனா சீப்பு முழுக்க முடி, பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையே அடைச்சுக்குது, பின்னல் பாதியா மெலிஞ்சு போச்சு. பயந்துபோய் அவ உடனே போன்லயே ஒரு ஹேர் ஃபால் பேக்கேஜ் புக் பண்ணிட்டா. ரிப்போர்ட் ஏழு பக்கம் வந்துச்சு, நாலு இடத்துல சிவப்பு எழுத்து, அதைப் பாத்துட்டு பச்சப்புள்ளய மடில வச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தா. அப்பதான் இதை முழுசா தெரிஞ்சுக்கணும்னு இறங்குனேன், ஸ்கின் டாக்டர்கிட்ட கேட்டேன், நிறைய படிச்சேன்.

பேக்கேஜ்ல நல்லதும் இருக்கு. ஒரே ஊசி, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டு போவாங்க, வைட்டமின் டி, பி12 எல்லாம் தனித்தனியா எடுத்தா ஆகுற காசை விட கம்மியா வரும். ஆனா லேப்ல நார்மல் ரேஞ்ச்னு போடுறாங்கல்ல, அது பெரும்பாலும் ஆரோக்கியமா இருக்குற 100 பேர்ல 95 பேர் உள்ள வர்ற மாதிரி போட்ட கோடு. அப்ப ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, எந்த நோயும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒண்ணு சிவப்புல வர்றதுக்கு 64 சதவீதம் சான்ஸ் இருக்கு, கணக்கு போட்டுப் பாருங்க. அதுலயும் வைட்டமின் டி நம்ம ஊர்ல முடி நல்லா இருக்குறவங்களுக்கே நிறைய பேருக்கு கம்மிதான், அதை மட்டும் வச்சு இதனாலதான் கொட்டுதுன்னு முடிவு கட்ட முடியாது. என் தங்கச்சி பேக்கேஜ்ல இன்னொரு கொடுமை, சீரம் அயர்ன் (ரத்தத்துல அந்த நேரம் ஓடுற இரும்பு) இருந்துச்சு, ஃபெரிட்டின் இல்ல. சீரம் அயர்ன் ஒரே நாள்லயே காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு மாறும், மாத்திரை போட்டா உடனே ஏறும். உடம்புல இரும்பு சேமிப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டுறது ஃபெரிட்டின்தான்.

ரெண்டாவது வழி சிபிசி (ரத்த அணு, ஹீமோகுளோபின் பாக்குறது), ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), இந்த மூணு மட்டும். தலை முழுக்க பரவலா கொட்டுற பொம்பளைங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல 15லேந்து 49 வயசு பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு வந்துச்சு, அப்ப இரும்பை பாக்காம வேற எதைப் பாக்குறது சொல்லுங்க. ஹீமோகுளோபின் 12 இருக்கு, நல்லாதானே இருக்குன்னு விட்டுடக்கூடாது, சேமிப்பு காலியான அப்புறம்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 15க்கு கீழ போனா பெரியவங்களுக்கு இரும்பு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, முடிக்குன்னு பாக்குற டாக்டர்ங்க 30, 40 வேணும்பாங்க, சிலபேர் 70 கூட கேப்பாங்க, அதுல இன்னும் சண்டை ஓயல. காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஃபெரிட்டின் தானா ஏறி நிக்கும், அதனால காய்ச்சலோட எடுத்தா உண்மை மறைஞ்சுடும். டிஎஸ்ஹெச் எதுக்குன்னா தைராய்டு கம்மியானாலும் கொட்டும், அதிகமானாலும் கொட்டும், குழந்தை பொறந்த முதல் வருஷத்துல தைராய்டு தடுமாறுறது சில பேருக்கு நடக்குற விஷயம்தான்.

பீரியட்ஸ் தள்ளிப் போகுது, முகத்துல முடி வளருது, பரு வருதுன்னா டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஹார்மோன் டெஸ்ட் சேரும், சைவம் சாப்பிடுறவங்க, ரொம்ப நாளா மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு பி12 சேரும். காரணம் இருந்தா சேத்துக்கலாம், இல்லன்னா வேண்டாம்.

மூணாவது, முதல்ல டாக்டர். ஆம்பளைங்களுக்கு நெத்தி ஓரம் ஏறுது, உச்சில வழுக்கை விழுதுன்னா தயவுசெஞ்சு லேப் பக்கமே முதல்ல போகாதீங்க, பரம்பரை வழுக்கைல ரத்தத்துல ஆண் ஹார்மோன் பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும், மயிர்க்கால்தான் அந்த ஹார்மோனுக்கு ஓவரா ரியாக்ட் பண்ணுது. டாக்டர் டெர்மோஸ்கோப்னு பெருசாக் காட்டுற லென்ஸ் வச்சுப் பாத்தா மெலிஞ்ச முடியும் தடிச்ச முடியும் கலந்து இருக்குறது அங்கேயே தெரிஞ்சிடும். ஒரு 50, 60 முடியை விரல்ல பிடிச்சு லேசா இழுத்து எத்தனை கையோட வருதுன்னும் பாப்பாங்க, அதுக்கு முந்தின நாள் தலைக்கு குளிக்காம போறது நல்லது. காசு மாதிரி வட்டமா விழுந்தா புழுவெட்டு, அதுவும் கண்ணால பாத்து சொல்றதுதான். குழந்தைங்க தலைல செதிலோட முடி உடைஞ்சு கொட்டுனா பூஞ்சையால வர்ற படையா இருக்கலாம், சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, ரத்தம் வேணாம். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில தோல் ஓபி இருக்கு, காசில்லாம பாக்கலாம், காலைல சீக்கிரம் போய் நிக்கணும் அவ்ளோதான்.

டாக்டர் கேக்குற ஒரு கேள்வி எந்த பேக்கேஜ்லயும் கிடையாது: ரெண்டு மூணு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு? டெங்கு, டைபாய்டு, ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், இதுல எது நடந்தாலும் முடி அப்ப கொட்டாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டும். மகாராஷ்டிரா புல்தானா மாவட்டத்துல 2024 கடைசி, 2025 ஆரம்பத்துல சில கிராமத்துல ஜனங்களுக்கு திடீர்னு மொட்டையாவே முடி கொட்டுச்சே ஞாபகம் இருக்கா? முதல்ல தண்ணி, பூஞ்சைன்னு சந்தேகப்பட்டாங்க, அப்புறம் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் ஆராய்ஞ்சு ரத்தத்துல செலினியம்ங்கிற தாதுச்சத்து ரொம்ப அதிகம், சாப்பிட்ட கோதுமைதான் காரணம்னு சொன்னார். ஊர்ல யார் யாருக்கு, என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டாதான் அந்த டெஸ்ட் எடுக்கணும்னே தோணும்.

டெஸ்டே இல்லாம முடிக்குன்னு விக்கிற பயோட்டின் வைட்டமின் மிட்டாய் (gummy) வாங்கி சாப்பிடுறதை நான் ஒரு வழியாவே எடுத்துக்கல. செலினியம், வைட்டமின் ஏ மாத்திரை அளவு மீறுனா அதுவே முடியைக் கொட்ட வைக்கும். பயோட்டின் ரத்தத்துல இருந்தா சில லேப் மெஷின்ல டிஎஸ்ஹெச் பொய்யா கம்மியா காட்டும், இல்லாத தைராய்டு நோய் இருக்குற மாதிரி ரிப்போர்ட் வரும், அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே இதை எச்சரிச்சுது. ரத்தம் குடுக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்துங்க, டோஸ் அதிகம்னா எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இரும்பு மாத்திரையும் டெஸ்ட் பாக்காம மாசக்கணக்கா போடாதீங்க, தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் குறைபாட்டை நோயில்லாம சுமக்குற கேரியர்க்கும் சிபிசில ரத்த அணு சின்னதாத்தான் தெரியும், அவங்களுக்கு இரும்பு தேவையே இல்லாம இருக்கலாம்.

தங்கச்சிக்கு கடைசில அந்த மூணையும் எடுத்தோம். டிஎஸ்ஹெச் நார்மல், ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 11. பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறது பாதி காரணம், அது தானா நிக்கும், இரும்பு மட்டும் ஏத்தணும்னு டாக்டர் சொன்னாங்க. இப்ப மாத்திரைய எலுமிச்சை ஜூஸோட போடுறா, அதுக்கு முன்னாடி பின்னாடி டீ கிடையாது. மூணு மாசம் கழிச்சு ஃபெரிட்டின் மட்டும் திரும்ப எடுக்கணும், அதே லேப்லதான் எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்.